கண்ட்ரோல் தண்ணீர்

அவள் எந்தக் கேள்வியையும் ஒருமுறையோடு விட்டதில்லை. சனிக்கிழமை தோறும் வேலூரிலிருந்து ஒரே நேரத்துப் பேருந்தில்தான் ஊருக்குப் போவாள். கண்ணாடியில் ஆம்பூர் என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆனாலும் ஏறும் முன் ஆம்பூர் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்பாள். உட்கார்ந்து டிக்கெட் வாங்கும்போது மறுபடியும் கேட்பாள். நீ படிச்ச பொண்ணுதானே என்று ஒரு கண்டக்டர் அலுத்துக்கொண்டார். அவள் அதற்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, போகும் என்று அவர் வாயால் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் இரண்டு பெண்களும் வேலூரில் ஓர் ஆய்வகத்தில் ஒரே மாதம் சேர்ந்தோம். ஒரே வயது, ஒரே மேஜை. அவளுக்கு ஆம்பூர். வீட்டில் உருது பேசுவார்கள். அப்பா தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எனக்குப் பள்ளிகொண்டா பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, ஒரு கிணறு. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டால் அனுமதி தருவாள். ஆனால் மறுநாள் காலையில் கூப்பிட்டு, நேற்று சரி என்றேனே, அது சரிதானா என்று யோசிக்கிறேன் என்பாள்.

ஆய்வகத்தில் அவளை 'ரிப்பீட்டு' என்பார்கள். தராசில் உப்பை நிறுத்து எழுதிவிட்டு, தராசை வெறுமையாக்கி மறுபடி நிறுப்பாள். செல்களை வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைச் சாத்திவிட்டு இரண்டு மாடி இறங்கி வாசல்வரை வந்தபின், நான் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, ஒரு நிமிஷம் என்று திரும்ப மேலே ஏறுவாள். கதவு சாத்தியிருக்கும். எப்போதும் சாத்தியே இருந்தது. அவள் இறங்கி வரும்போது முகத்தில் நிம்மதி இருக்காது. அடுத்தமுறை திறந்திருக்கலாம் என்ற பயம்தான் இருக்கும்.

"எனக்கே பேஜாராத்தான் இருக்குபா," என்று ஒருநாள் சொன்னாள். "மனசு நிக்க மாட்டேங்குது."

இதற்காக அவளுடைய அம்மா அவளை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போயிருக்கிறார். அவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரை தனக்கு வேண்டியதுதானா என்று அவள் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டாள்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையனும் படித்தவன். கல்யாணத்துக்குப் பிறகு ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றான். டீ குடித்து, இனிப்பு சாப்பிட்டு, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் அதையே மறுபடி கேட்டாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பையன் தன் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் இரண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான். சம்பந்தம் அத்தோடு நின்றது. வீட்டில் இரண்டு வாரம் யாரும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவர்கள் வந்துபோன மறு திங்கட்கிழமையே ஆய்வகத்துக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, தான் கேட்டது தப்பா என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். சாப்பாட்டு வேளையில் மறுபடி கேட்டாள்.

நாங்கள் செய்த ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணு இழை, சின்னச்சின்னப் புரத உருண்டைகளின் மேல் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த உருண்டைகளுக்கு ஹிஸ்டோன் என்று பெயர். இறுகிக் கிடக்கும் இடத்தைச் செல்லால் படிக்க முடியாது. ஒரு மரபணு தேவைப்படும்போது ஒரு புரதம் வந்து அந்த உருண்டைகளில் ஒரு சிறு குறியை ஒட்டும். இழை தளரும். மரபணு படியெடுக்கப்படும். வேலை முடிந்ததும் இன்னொரு புரதம் வந்து குறியை எடுத்துவிடும். இழை மறுபடி இறுகும்.

நாங்கள் பார்த்தது ஒரே ஒரு மரபணுவைத்தான். கரிப்புகை போன்ற நச்சு உள்ளே வந்தால் அதை உடைக்கும் நொதியைச் செய்யச் சொல்கிற மரபணு அது. எலியின் கல்லீரல் செல்களுக்குப் புகைக்கரியில் இருக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால், சில மணி நேரத்தில் அந்த மரபணு திறந்துகொள்ளும். ஆனால் தோல் தொழிற்சாலைக் கழிவில் வரும் ஒருவகைக் குரோமியம் தண்ணீரில் இருந்தால் திறப்பதில்லை. குறியை ஒட்ட வேண்டிய புரதம் வருவதில்லை. குறியை எடுக்கும் புரதம் விலகாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் அவளைத் தொந்தரவு செய்தது ஒரு விஷயம். அப்படிப்பட்ட செல் சாவதில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆரோக்கியமாகவே தெரியும். கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லாது.

ஆம்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்தோம். மசூதித் தெரு கிணறு, ஏரிக்கரை கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு. அந்த ஊர்க்காரர்கள் நல்ல குடிநீர் கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முடிவு வந்தால் மனுவோடு சேர்த்துவிடலாம் என்று காத்திருந்தார்கள். பொடியாக வரும் ஊட்டக் கலவையை அந்தத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, செல்களுக்குக் கொடுப்போம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கிணற்றுத் தண்ணீர் ஒன்று வேண்டும். அதைத்தான் கண்ட்ரோல் என்போம். தொழிற்சாலைகளிலிருந்து தள்ளி இருக்கிற ஊர் என்று, அந்தத் தண்ணீரை என் வீட்டுக் கிணற்றிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். மற்ற மூன்றையும் வேறொரு இடத்துக்கு அனுப்பிக் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தோம். மூன்றிலும் இருந்தது, பள்ளிக்கூடத்துக் கிணற்றில் மட்டும் மிகவும் குறைவு. கண்ட்ரோலை அனுப்பத் தேவையில்லை என்று எல்லோருமே நினைத்தோம்.

இரண்டு வருடம் முடிவுகள் தள்ளாடின. மசூதித் தெருவும் ஏரிக்கரையும் கண்ட்ரோலைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருந்தன. பள்ளிக்கூடத்துக் கிணறோ கண்ட்ரோலைவிட நன்றாக இருந்தது. மண்ணும் உப்பும் ஊருக்கு ஊர் மாறும், பள்ளிக்கூடத்துக் கிணற்றை விட்டுவிட்டு மீதியை எழுதலாம் என்றார் எங்கள் பிஎச்.டி. கைடு. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவளால் விட முடியவில்லை. கெட்ட தண்ணீர் எப்படி நல்ல தண்ணீரைவிட நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய டிபன் பாக்ஸ் பல நாள் திறக்கப்படாமலே அவள் அறைக்குத் திரும்பியது. பிறகு ஒரு காலை, என் பக்கம் திரும்பாமல், கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"கெட்டது கண்ட்ரோலா இருந்தா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுத் தண்ணீரில் சமைத்ததை அவளே எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்தாள். எல்லாத் தண்ணீரையும் எண் மட்டும் போட்ட பாட்டில்களில் வைத்துச் செய்யலாம் என்றாள். எது எந்தத் தண்ணீர் என்று தனக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் தன் கை தானாகவே எதையாவது செய்துவிடும் என்று பயந்தாள். பட்டியலை நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

எட்டு பாட்டில்கள். மூன்று கிணறுகள், எங்கள் வீட்டுக் கிணறு, ஒடுகத்தூர் மலையடியில் ஒன்று, நெமிலி வயலில் ஒன்று, ஆய்வகத்தின் சுத்தத் தண்ணீர், அதே சுத்தத் தண்ணீரில் வேண்டுமென்றே குரோமியம் கலந்தது. நானே ஊற்றினேன், நானே எண் ஒட்டினேன், நானே பட்டியலை எழுதி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் மூன்று தடவை, மூன்று தனித்தனி வாரங்களில், புதுச் செல்களை வளர்த்துச் செய்தாள். அந்த வாரங்களில் அவள் விரல் நகம் ஒன்றுகூட மிச்சமில்லை.

மூன்றாம் முறை முடிந்த வியாழக்கிழமை மதியம் எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. கணினித் திரையில் எட்டு கோடுகள் எழுந்தன. நான்கு சீக்கிரமே எழுந்தன, அதாவது மரபணு திறந்திருந்தது. நான்கு மிகவும் பிந்தி எழுந்தன. மூன்று வாரமும் அதே நான்குதான். இரண்டு, நாலு, ஐந்து, ஏழு என்று சொல்லிவிட்டு அவள் பென்சிலை எடுத்தாள். பட்டியலைப் படிக்கச் சொன்னாள்.

நான் பட்டியலைப் பிரித்து, அந்த நான்கை மட்டும் முதலில் மனதுக்குள் படித்தேன். இரண்டு, மசூதித் தெரு. நாலு, குரோமியம் கலந்தது. ஐந்து, ஏரிக்கரை. ஏழு, எங்கள் வீடு.

அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வந்தது ஒரு லாரி. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கிணற்றுக்கு மேற்கே ஒரு பள்ளம் இருந்தது. மழையில் அது நிரம்பியிருந்தபோது மாட்டுக் கன்று ஒன்று விழுந்து செத்தது. அதை மூட அப்பா யாரிடமோ மண் கேட்டார். லாரியில் வந்து கொட்டினார்கள். நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறத்தில், ஈரமாக, மூக்கைப் பிடிக்கும் வாடையோடு இருந்தது அந்த மண். பள்ளம் மூடியதில் அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம். மேலே செம்மண் போட்டு முருங்கை வைத்தார். இவ்வளவும் எனக்கு எப்போதும் தெரிந்தேதான் இருந்தது. அது தோல் தொழிற்சாலைக் கழிவாக இருக்கும் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

மேலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒன்று, சுத்தத் தண்ணீர் என்றேன். இரண்டு, மசூதித் தெரு என்றேன். மூன்றுக்கு எதிரே எழுதியிருந்தது பள்ளிக்கூடத்துக் கிணறு. மூன்று, எங்கள் வீடு என்றேன். என் குரல் மாறவே இல்லை. நாலு, ஐந்து, ஆறு சரியாகச் சொன்னேன். ஏழு, பள்ளிக்கூடத்துக் கிணறு என்றேன். எட்டு, நெமிலி.

அவள் எழுதி முடித்து நோட்டைப் பார்த்தாள். கெட்டவை என்று நாங்கள் நினைத்த மூன்று கிணறுகளும் ஒரு பக்கம், நல்லவை எல்லாம் இன்னொரு பக்கம். கைடு விரும்பியதும் அதுதான், ஊர்க்காரர்கள் காத்திருந்ததும் அதுதான், நானும் அதைத்தான் வேண்டினேன். அவள் முகம் ஒரு நொடி மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு பென்சிலை நோட்டின் மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவ படிபா. இந்தத் தடவ கீழ இருந்து மேல."

எட்டு, நெமிலி என்றேன். அடுத்த வரியில் என் கண் நின்றது. பொய்யைத் தலைகீழாகச் சொல்வதற்கு நான் தயாராக இல்லை. அதைவிட, ஊரில் எங்கள் வீட்டிலேயே இருக்கும் அண்ணன் மகள் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, வாயில் ஒழுகுவதை நக்குவாள்.

"ஏழு, எங்க வீட்டுக் கிணறு," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்பு எழுதியதைக் கோடு போட்டு அடித்தாள். ஆய்வக வழக்கப்படி ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் சரியானதை எழுதினாள். படித்ததில் பிழை, இரண்டாம் முறை திருத்தப்பட்டது என்று கீழே எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தத் தண்ணிய இப்ப யார் யாரு குடிக்கிறாங்க?"

எங்கள் வீட்டில் ஐந்து பேர், பக்கத்து இரண்டு வீடுகள், அங்கே மூன்று குழந்தைகள். அங்கேயே நின்று அண்ணிக்கு ஃபோன் செய்தேன். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம், பஞ்சாயத்துக் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். அண்ணி பயந்துவிட்டார். அன்றைக்கே குழந்தையை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் என்னோடு ஊருக்கு வந்தாள். புதிதாக நான்கு பாட்டில் தண்ணீர் எடுத்து, இரண்டை ஓர் இடத்துக்கும் இரண்டை வேறோர் இடத்துக்கும் அனுப்பினாள். அப்பா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரைக் கையில் அள்ளி வெயிலில் காட்டினார். நிறம் இல்லை, வாடை இல்லை.

"உங்க அப்பாவும் தோல் ஷாப்புலதானேம்மா வேல செய்றாரு," என்றார் அவளிடம். "நல்லாத்தானே கீறாரு."

ஆமாம் என்றாள் அவள். தட்டில் வளரும் எலிச் செல் வேறு, மனுஷர் வேறு என்றும், இதைக் குடித்தவர்களுக்கு நோய் வரும் என்று தன்னால் சொல்லவே முடியாது என்றும் சொன்னாள். வராது என்றும் சொல்ல முடியாது என்றாள். இந்தத் தண்ணீர் செல்லுக்குள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்கிறது, அது மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. உறுதியாக ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார், அல்லது அழுதிருப்பார். இரண்டுக்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. முருங்கையடியில் போய் உட்கார்ந்துகொண்டு, பதினைந்து வருஷம் ஆகிவிட்டதே, இத்தனை நாள் கழித்தா என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது. தண்ணீரில் குரோமியம் இருந்தது. அப்பா அன்று சாயங்காலம் சட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் போனார். அந்த மண்ணைக் கொட்டச் சொன்னது தான்தான் என்று அவர் வாயாலேயே சொன்னார். ஒரு வீட்டில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டார் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. கிணற்றின் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடினோம். மண்ணை என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. மனு மேல் மனு போகிறது.

அவளுக்கும் இது இழப்பில்லாமல் முடியவில்லை. கண்ட்ரோலே கெட்டுப்போனதால் இரண்டு வருட முடிவுகளையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. தீசிஸ் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது. மனு கொடுத்த ஊரிலிருந்து ஒருவர் வந்து, பள்ளிக்கூடத்துக் கிணற்றில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாளாமே என்று கத்தினார். அந்தக் கிணற்றில் வாயில் வைக்க முடியாத உப்பு இருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறேன், ஆனால் இல்லாததை எழுத முடியாது என்றாள். அவர் போனபின் கழிவறையில் வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

இப்போது அவள் வேறு ஊரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறாள். நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அந்த வியாழக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நோட்டில் இருந்த என் கையெழுத்து மட்டும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் தப்பாகப் படிக்கவில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். நான் தடுமாறிவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாளாம். அப்படியானால் ஏன் கீழிருந்து மேலே படிக்கச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ முதல்ல படிச்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுபா," என்றாள். "அதான் பயந்துட்டேன்."

பிறகு அண்ணன் மகளைப் பற்றிக் கேட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள், மேலும் கீழும் முன்பற்கள் விழுந்துவிட்டன, கீழே ஒன்று முளைத்திருக்கிறது, மேலே இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.